தலைகீழாய்ப் படம் பார்த்த அமலு

செய்தி வந்தபோது என் கையில் ஒரு பம்பர் இருந்தது. காருக்கு முன்னால் மாட்டுகிற வெள்ளை பம்பர். கீறல் இருக்கிறதா என்று பாதி பார்த்திருந்தேன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "காஞ்சனா, அத வெச்சிட்டு கொஞ்சம் வாங்கம்மா" என்றார். வாங்க போங்க என்று பேசுகிற ஆள் இல்லை அவர். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் வேலையில் பாதி பார்த்த பொருளைக் கீழே வைக்கக்கூடாது. அடுத்து வருகிறவள் அதை முழுசாய்ப் பார்த்ததென்று நினைத்து அனுப்பிவிடுவாள். அதனால் மீதிப் பாதியையும் பார்த்தேன். கண் பார்த்தது, மனசில் ஒன்றும் பதியவில்லை. திரும்பப் பார்க்கவேண்டும் என்பதற்கான சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். அமலு காலையிலேயே போய்விட்டாளாம். அவள் மகள் ஜெனி என் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கம்பெனிக்குப் பேசியிருக்கிறாள். என் போன் லாக்கரில் கிடந்தது.

விமானப் படங்களைப் பெரிய இணையதளத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று போடுகிற நம் குழுவில் உங்களுக்கு என் பெயர் மட்டும்தான் தெரியும். அமலு என்ற பெயரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் ஆளைத் தெரியும். உங்கள் படங்களுக்கு நான் போட்ட பதிலில் "மூக்கு மங்கல்", "கீழே இடம் கம்மி, மேலே எதுக்கு இவ்வளவு வானம்" என்று வெடுக்கென்று எங்கே இருந்ததோ, அது அவள். "தப்பா நினைக்காதீங்க அண்ணா" என்று அதற்குக் கீழே இருந்தால், அது நான். அவள் சொல்வாள், நான் அடிப்பேன். அந்த இன்னொருத்தி போய்விட்டாள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியது என் கடமை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். பிழைகளை ஜெனி திருத்திக் கொடுத்திருக்கிறாள். மீறி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் முழுப்பெயர் அமலோற்பவம். வல்லம் வடகாலில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. எனக்குப் பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே மேஜை, இரண்டு பேருக்கும் ஒரே வேலை. பெயிண்ட் அடித்து வருகிற பம்பரை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, பெயிண்ட் ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்த்து மூன்றில் ஒன்று சொல்லவேண்டும். நன்றாக இருந்தால் ஓகே. தேய்த்துத் திரும்ப அடித்தால் சரியாகும் என்றால் ரீவொர்க். ஒன்றுக்கும் ஆகாது என்றால் ஸ்கிராப். வருஷக்கணக்காக இந்த மூன்று சொல்லைத்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேமரா என் தம்பியுடையது. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். புதுசு வாங்கினபோது பழையதை என் வீட்டில் போட்டுவிட்டு, "பசங்கள எடு, அக்கா" என்று சொல்லிப் போனான். பசங்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. விமானமும்தான் நிற்காது, ஆனால் அது போகிற வழியிலேயே போகும். கிழக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமெல்லாம் எங்கள் ஏரிக்கு மேலேதான் வந்து வரிசை பிடிக்கும். சாயங்கால வெயில் சாய்ந்து அடிக்கும்போது அதன் வயிறு பொன்னாய்த் தெரியும். ஒருநாள் ஏரிக்கரையில் நின்று எடுத்தேன். எடுத்ததைப் போனில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அமலுவிடம் நீட்டினேன்.

"இன்னாமே இது?"

"ப்ளேனு. நேத்து எடுத்தேன். எப்டி கீது?"

"ப்ளேன் எப்டி கீதுன்னு கேக்கிறியா, படம் எப்டி கீதுன்னு கேக்கிறியா?"

"படம்தான்."

அவள் போனை வாங்கித் தலைகீழாய்த் திருப்பிப் பிடித்தாள்.

"ஏய், நேரா புடி. தலகீழா வெச்சிகினு இன்னாத்த பாக்குற?"

"நேரா வெச்சா ப்ளேனு அழகா கீது. மனசு அங்கயே போய் குந்திக்கும். தலகீழா வெச்சா அது வெறும் சாமான். சாமானத்தான் ஒழுங்கா பாக்க முடியும்."

பம்பரைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். முதலில் மூலைகள், அப்புறம் ஓரங்கள், நடு கடைசியில். "இந்த மூலைல ஒரு புள்ளி. இங்க ஒண்ணு. வானம் பூரா மணல் கொட்னாப்ல கீது. மூக்கு மங்கல். ரீவொர்க்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். பின்சீட்டில் இருந்த ஒருத்தி, "அமலு, லைன்லதான் ரிஜெக்ட் பண்ற, பஸ்லயுமா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம். இறங்குகிறவரை அவளோடு பேசவில்லை. சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்ப எடுத்தேன்.

அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தவள் ஜெனி. அப்போது அவள் காலேஜில் சேர்ந்திருந்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருந்து விமானப் படம் அனுப்புகிறார்கள், அங்கே ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுவார்கள் அல்லது தள்ளுவார்கள், தள்ளினால் காரணமும் எழுதுவார்கள் என்று அவள் சொன்னாள். அமலுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அங்கயும் இன்ஸ்பெக்ஷன் கீதா? அப்ப நம்ம ஆளுங்கதான்டி" என்றாள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. ஒரு படமாவது அங்கே ஏறவேண்டும். ஒன்றே ஒன்று போதும். அனுப்பிய எல்லாம் திரும்பி வந்தன. அப்படித் திரும்பி வந்து கொண்டிருந்த காலத்தில்தான் உங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் வந்த புதிதில் நடந்தது உங்களில் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெரிய விமானம், சாய்ந்த வெயிலில், வயிறு முழுக்க வெளிச்சமாக எனக்கு அமைந்தது. மூக்கும் தெளிவு. அமலு தலைகீழாய்ப் பார்த்து, "எல்லாம் ஓகே, வயித்துல கறை கீது. எண்ணெ வழிஞ்சாப்ல, பொகை புடிச்சாப்ல. இத்தோட எப்டி அனுப்புறது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கறையோடு ஒரு பம்பரை அனுப்பினால் மறுநாள் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். தம்பியிடம் கொடுத்தோம். கல்யாணப் பெண் முகத்தில் பரு எடுக்கிறவனுக்கு விமானத்தின் வயிற்றில் கறை எடுப்பதா கஷ்டம்? துடைத்துக் கொடுத்தான். விமானம் அப்போதுதான் பெயிண்ட் ஷாப்பிலிருந்து வந்தது மாதிரி பளபளவென்று இருந்தது. அமலு ஓகே சொன்னாள். அனுப்பினோம்.

படம் திரும்பி வந்தது மட்டுமில்லை, எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் உங்களை உள்ளேயே விடமாட்டோம் என்று எழுதியிருந்தது. எங்களுக்குப் புரியவில்லை. குழுவில் போட்டுக் கேட்டோம். தூசி நம் கேமரா கண்ணாடியில் இருந்தால் எடுக்கலாம், விமானத்தில் இருந்தால் எடுக்கக்கூடாது, எடுத்தால் அது பொய் என்று பொறுமையாக விளக்கினீர்கள். குழுவில் ஒரு தம்பி மட்டும், "ப்ளேனுக்கு வாட்டர் வாஷ் பண்ணிட்டீங்களாக்கா" என்று சிரிப்பு முகங்களாய்ப் போட்டிருந்தான்.

மறுநாள் பஸ்ஸில் அதைப் படித்துக் காட்டினேன். அமலு சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரகடம் கூட்ரோடு தாண்டும்போது சொன்னாள்.

"நம்ம டேபிள்ல அழுக்க வுட்டா தப்பு. அங்க அழுக்க எடுத்தா தப்பு."

"ஆமா. இன்னா பண்றது, அவங்க ரூல்ஸ் அப்டி."

"நாயமாதான்டி கீது. எந்த ஊர்லேந்தோ பறந்து வருது. அழுக்கு இல்லாம எப்டி வரும்? நம்மளுது இன்னும் ரோட்டப் பாக்காத பம்பர். அத்தையும் இத்தையும் ஒண்ணா வெச்சிட்டோம்."

அதற்குப் பிறகு எந்தப் படத்தைக் காட்டினாலும் அவளுடைய முதல் கேள்வி, "இது ப்ளேனோட அழுக்கா, நம்ம அழுக்கா?" என்பதுதான். கேன்டீனில் யாராவது என்னை ஏதாவது சொல்லி நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "அது அவளோட அழுக்குடி, உன்னுது இல்ல. சோத்தத் துன்னு" என்பாள்.

குழுவில் யார் படத்துக்காவது "அருமை", "சூப்பர்" என்று மட்டும் பதில் வந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது. "எங்க அருமை? வால்ல அருமையா, ரெக்கைல அருமையா? அந்தாளு அனுப்பறதுக்கு முன்னாடி கேக்கறான். அருமைன்னு சொல்லி அனுப்பி வுட்டா, அவன் அங்க போய் அடி வாங்கினு வருவான். அது பாசமா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், நான்தான் அதைப் போட்டது போல. உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எங்கள் பதிலைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார். பிறகு அதே படத்தை வேறு மாதிரி வெட்டி அனுப்பி, ஏறிவிட்டதென்று திரும்பி வந்து சொன்னார். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தன் வீட்டில் விசேஷம் மாதிரி மேஜையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம், "எங்க ஆளு ஒருத்தர் பாஸ் ஆயிட்டாரு" என்றாள்.

ஆனால் கேமராவைத் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏரிக்கரைக்கு வருவாள். கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி, "வருது வருது, மேக்கால பாரு" என்பாள். "இந்தா, நீ ஒண்ணு எடேன்" என்று நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். "எனக்கு வேணாம்மே. எடுத்தா ஆச வந்துடும். ஆச வந்தா கண்ணு போயிடும். ரெண்டு பேரும் குருடாயிட்டா யாரு பாக்கறது?" படம் ஏறினால் உன் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றால் அதற்கும் ஒரு சிரிப்பு. "நான் பாத்த பம்பர்ல எல்லாம் என் பேரா போட்டுகீறாங்க?"

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வேலையிலிருந்து நின்றாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டேன், யாரும் உட்காராமல் இருக்க. ஆரம்பத்தில் வீட்டுக்குப் போய்ப் படம் காட்டினால் பழைய அமலுவாகத்தான் இருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி போனைத் திருப்பிப் பிடித்து, "சாஞ்சிகினு கீது, ரீவொர்க்" என்பாள். அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன், "இன்னாமா நீ, ஒரு படத்துக்காவது நல்ல வார்த்த சொல்லு. பாவம், பஸ் புடிச்சி வந்துகீது" என்பார். "நீ கம்முனு இரு. நான் நல்ல வார்த்த சொல்லி அது அங்க போய் ஒத வாங்கினு வரவா?" என்று அவரை அடக்குவாள். எனக்குள் அப்போது ஒரு அவசரம் வந்துவிட்டது. ஒரு படம் ஏறவேண்டும் என்பது போய், அவள் பார்க்கும்போதே ஏறவேண்டும் என்றாகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. கிழக்குக் காற்று வந்ததும் ஷிப்ட் முடிந்து ஒரு நாள் விடாமல் ஏரிக்கரைக்கு ஓடினேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே போய்க் காட்டின முதல் படத்துக்கு, "நல்லா கீது" என்றாள். எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் திக்கென்றது. அடுத்ததையும் காட்டினேன். "இதுவும் நல்லா கீது." மூன்றாவதும் நன்றாக இருந்தது. போனைத் திருப்பவே இல்லை, நேராகவே பிடித்துப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுதடவை போகும்போது வேண்டுமென்றே ஒரு குப்பைப் படத்தைக் கொண்டுபோனேன். வால் பாதி வெட்டுப்பட்ட படம். வானமும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"ஓகே" என்றாள்.

"அமலு, நல்லா பாரு. வாலே இல்ல."

"தெரியுதுடி."

"தெரிஞ்சா ஏன் ஓகே சொல்ற? எனக்காவ பொய் சொல்றியா? நீ ரிஜெக்ட் பண்ணுவன்னுதானே எத்தினு வந்தேன்."

"உனக்கு நான் திட்டினாதான் சோறு எறங்குமா?" என்று சிரித்தாள். சிரிக்கவும் அவளுக்கு வலித்தது. படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "வால் இல்லன்னு தெரியுது. ஆனா ப்ளேன் போவுதில்ல. தள்ள மனசு வரல. போவட்டும்."

நான் வெளியே வராந்தாவுக்கு வந்து நின்றேன். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது எனக்கு அதுவரை புரிந்திருக்கவில்லை. அப்போது புரிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் எடுத்த படம்தான் அவள் கடைசியாகப் பார்த்தது. சக்கரம் விரித்து வருகிற விமானம். காற்றில் ஈரம் இருந்ததால் இறக்கை மேல் வெள்ளையாய் ஒரு புகை படர்ந்திருந்தது, பாலை ஊற்றியதுபோல. ரொம்ப நேரம் பார்த்தாள். "ஓகே. இத்த அனுப்பு" என்றாள். விமானத்தின் மூக்கு கொஞ்சம் மங்கல் என்று எனக்குத் தெரியும். முன்பு என்றால் அவள் பஸ்ஸிலேயே தள்ளியிருப்பாள். இருந்தாலும் அனுப்பினேன். அவளும் நானும் சேர்ந்து காத்திருக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அங்கே வரிசை பெரிசு, பதில் வர நாளாகும். ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் உட்காருவதற்கு முன்னால், "வந்துச்சா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பேன். "நல்லா பாக்குறாங்கபோல. பாக்கட்டும்" என்பாள். வலி அதிகமாகி வாய் பேச முடியாத நாளில் புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினேன். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த கொஞ்ச நாளில்தான் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

அடக்கம் முடிந்து, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு பதில் வந்தது. ஜெனிதான் படித்தாள். படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தள்ளிவிட்டார்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. "இன்னான்னு போட்டுகீறாங்க?" என்று கேட்டேன். "முன்பக்கம் தெளிவா இல்லயாம் ஆன்ட்டி. மூக்கு மங்கல்" என்று சொன்னவள் அப்படியே என் மடியில் விழுந்து அழுதாள். எனக்கு ஏமாற்றமாக இல்லை. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, முகம் தெரியாத ஒரு ஆள் அவள் சொல்லவேண்டிய சொல்லை எடுத்துச் சொல்லிவிட்டார். இத்தனை மாதமாய் அந்தச் சொல்லுக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

செத்துப்போன என் தோழி ஒருத்தி கடைசியாகப் பார்த்த படம், தள்ளிவிட்டார்கள் என்று மட்டும் அப்போது குழுவில் போட்டிருந்தேன். உங்களில் சிலர் அன்போடு சொன்னீர்கள். இப்படி ஒருத்தர் இறந்துபோனார், அவர் கடைசியாகப் பார்த்த படம் என்று எழுதிக் கேட்டால் ஒருவேளை ஏற்றுவார்கள் என்று. நாங்களே எழுதித் தருகிறோம் என்றீர்கள். உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். ஆள் செத்துவிட்டால் படத்தில் மூக்கு தெளிவாகிவிடாது. அமலுவுக்குத் தெரிந்தால், "ஏன்டி என் மானத்த வாங்குற" என்பாள். அவள் பார்க்கும்போது ஒரு படம் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. அதை இனிமேல் யாரும் ரீவொர்க் செய்ய முடியாது.

இந்த வாரம் கிழக்குக் காற்று திரும்ப வந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் ஏரிக்கரையில் ஒன்று எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நினைக்க மட்டும்தான் முடியும். எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பம்பரைத் தேய்த்துச் சரி செய்தவள் அதைத் தானே பார்த்து ஓகே சொல்லக்கூடாது, இன்னொருத்திதான் பார்க்கவேண்டும். அமலு இருந்தவரை அது எனக்கு ஒரு விஷயமாகவே இல்லை. அதனால் படத்தைக் குழுவில் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

அவள் நினைவாக வைத்துக்கொள்ள எனக்கு என்ன வேண்டும் என்று ஜெனி கேட்டாள். புடவை ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றாள். எனக்கு வேண்டியது ஏற்கனவே என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். படத்தைப் பார்க்கும்போது அமலு மூச்சை நிறுத்திக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாகத் தெரியும். பார்த்து முடித்துச் சொல் வெளியே வரும்போதுதான் மூச்சும் வெளியே வரும். இப்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன், என்னையறியாமல். மூச்சு மட்டும் என்னிடம் இருக்கிறது. உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.